சீட் அளவும் சைக்கிள் சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் தேக்காவில் 27 ஆண்டுகளாகத் தையல் வேலை செய்கிறேன். ரவிக்கை, சுடிதார், பாவாடை சட்டை எல்லாம் தைப்போம். தீபாவளி நெருங்கினால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை மெஷின் ஓடும். வீடு தெம்பனிசில். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிடோக் நீர்த்தேக்கம் வழியாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போய், கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். பூங்கா இணைப்புப் பாதைகளைப் பற்றியும் புதிய சைக்கிள் பாதைகளைப் பற்றியும் உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. ஒன்று விடாமல் படிக்கிறேன். பாதை எத்தனை கிலோமீட்டர், எந்த வேகத்தில் போகலாம், விளக்கு வேண்டுமா, தலைக்கவசம் வேண்டுமா என்றெல்லாம் எழுதுகிறீர்கள். சைக்கிளில் உட்காரும் இடத்தைப் பற்றி, அதிலும் பெண்கள் உட்காருவதைப் பற்றி, ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து, ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண்கள் அதைப் பற்றிப் பேச்செடுக்கிறார்கள். கொவிட் காலத்தில் ஆளுக்கு ஒரு சைக்கிள் வாங்கியவர்கள் அவர்களில் நிறையப் பேர். இப்போது சைக்கிள் எங்கே என்று கேட்டால், தாழ்வாரத்தில் நிற்கிறது, மேலே துணி காயப்போடுகிறோம் என்பார்கள். ஏன் ஓட்டவில்லை? "நேரம் எங்கக்கா இருக்கு" என்பது முதல் பதில். திரையை இழுத்து மூடிவிட்டு, அளவு எடுத்துக்கொண்டே இரண்டாவது தடவை கேட்டால்தான் உண்மை வரும். "உட்கார முடியலக்கா. வலிக்குது." எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பார்வை தரைக்குப் போய்விடும். போன மாதம் வந்த ஒரு பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தனக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்று பயந்து மருத்துவரிடம் ஓடியிருக்கிறாள். நோய் எதுவும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஆனாலும் பயம் போகாமல், 180 வெள்ளிக்கு வாங்கிய சைக்கிளை 40 வெள்ளிக்கு விற்றுவிட்டாள். சீட்டை மாற்றிப் பார்க்கலாம் என்று அவளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

என் கதையும் அப்படித் தொடங்கியதுதான். 2021ஆம் ஆண்டில் ஒரு மடக்கு சைக்கிள் வாங்கினேன். களைத்துப் போனால் மடக்கி எம்ஆர்டி ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்பது கணக்கு. அதோடு வந்த சீட் ஒல்லியாகவும் கெட்டியாகவும் இருந்தது. முதல் நாள் பிடோக் நீர்த்தேக்கம் வரை போய் வந்ததற்கே இரண்டு நாள் மெஷின் முன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து தைத்தேன். வாங்கிய கடைக்குப் போய்ச் சொன்னேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "ஆன்ட்டி, உங்களுக்குப் பெரிசா, மெத்துனு இருந்தாதான் சரி" என்று சொல்லி, ஜெல் அடைத்த உறை ஒன்றை 22 வெள்ளிக்குக் கொடுத்தான். எங்கே வலிக்கிறது என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த உறை முதல் கால் மணி நேரம் மெத்தை மாதிரி இருந்தது. சிக்லாப் பக்கம் போகும்போது மரத்துப்போகத் தொடங்கியது. கால் மடக்கி உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போகுமே, அதே மரப்பு அந்த இடத்தில். இறங்கிக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு நடந்தால், ஆயிரம் ஊசி குத்துகிற மாதிரி உணர்வு திரும்பியது. மறுநாள் வீக்கம், சிறுநீர் போகும்போது எரிச்சல். பழகினால் சரியாகிவிடும் என்று நம்பி மூன்று வாரம் ஓட்டினேன். எரிச்சல் வந்தபோதே மருத்துவரிடம் போயிருக்க வேண்டும், போகவில்லை. அப்புறம் ஒரு நாள் சைக்கிளை மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அந்த ஜெல் உறை ஏன் அப்படிச் செய்தது என்று இப்போது எனக்குத் தெரியும். வீட்டில் ஊசி குத்தி வைக்கும் பஞ்சுப் பொதி இருந்தால் எடுத்துப் பாருங்கள். இரண்டு விரலை இடைவெளி விட்டு அதன்மேல் அழுத்துங்கள். விரல்கள் உள்ளே இறங்க, நடுவில் பஞ்சு மேலே பிதுங்கி வரும். உட்காரும்போது நம் உடம்பைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். மெத்தை அதிகமாக இருந்தால் அந்த இரண்டு முனைகளும் அதில் புதைந்துவிடும். நடுவில் பிதுங்கும் மெத்தை, எலும்பே இல்லாத மென்மையான இடத்தில் போய் அழுத்தும். அங்கே ஓடுகிற நரம்பும் ரத்தக் குழாய்களும் நசுங்குவதால்தான் மரப்பு. கையால் அமுக்கிப் பார்க்கும்போது சுகமாக இருக்கிற சீட், ஒரு மணி நேரம் ஓட்டும்போது சுகமாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நான் வாங்கிய 22 வெள்ளிப் பாடம் அது.

கட்டிலுக்கு அடியிலிருந்து சைக்கிள் வெளியே வந்தது மகளால். அவள் ஓட்டப் போகிறேன் என்று எடுத்தாள். பிரேக் கம்பி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. பக்கத்துப் பேட்டையில் ஒரு வயதான சீனர் அடுக்குமாடி புளோக் அடியில் சைக்கிள் பழுது பார்க்கிறார், அவரிடம் கொண்டுபோனோம். எனக்கும் அவருக்கும் பொதுவான மொழி பசார் மலாய், அதாவது சந்தையில் பேசுகிற மலாய்தான். இவ்வளவு புதிதாக இருக்கிற சைக்கிளை ஏன் ஓட்டவில்லை என்று கேட்டார். "சாக்கிட்", வலிக்கிறது என்றேன். அவர் மேலே எதுவும் கேட்காமல் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். என் கையைப் பிடித்து டயர்கள் தொங்கும் மூலைக்குக் கூட்டிப் போய், தணிந்த குரலில் கேட்டார்: "டெப்பான்? பெலாக்காங்?" முன்னாலா, பின்னாலா?

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றரை வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது.

அந்த ஒரு கேள்வியை வைத்துப் பாதி வழி வந்துவிடலாம். பின்னால், இரண்டு எலும்பு முனைகளில் மட்டும் வலித்தால், வெறும் தரையில் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தால், அது புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு வருகிற வலி. விட்டுவிட்டு ஓட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். முன்னால் அழுத்தம், மரப்பு, எரிச்சல், வீக்கம் என்றால் அது பழகிப் போகிற வலி இல்லை. அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. சீட்டின் அகலமோ வடிவமோ சாய்வோ தவறாக இருக்கிறது என்று அர்த்தம். தொடையின் உள்பக்கம் உரசிப் புண்ணானால், சீட் அளவுக்கு மேல் அகலம், அல்லது உடுத்தியிருக்கும் உடையில் கோளாறு. பழுது பார்க்கிற அந்த அம்மா இதையெல்லாம் எனக்குப் பாதி மலாயிலும் பாதி கையசைவிலும் சொன்னார். ஒரு சீட்டை மேசைமேல் வைத்து, தன் இரண்டு கைமுட்டிகளையும் அதன்மேல் ஊன்றிக் காட்டினார். முட்டிகள் சீட்டின் மேல் முழுதாக நிற்க வேண்டும், ஓரத்தில் வழுக்கக் கூடாது என்பதுதான் பாடம்.

இனி அளவு. இதில்தான் தையல்காரியான எனக்கே ஒரு அதிர்ச்சி காத்திருந்தது.

எங்கள் தொழிலில் பின்புறச் சுற்றளவுக்குப் பெயரே 'சீட்' அளவுதான். சுடிதாருக்கு மார்பு, இடுப்பு, சீட் என்று வரிசையாக எழுதுவோம். என் சீட் அளவு 43 அங்குலம். மகளுக்கு 36. அதனால் எனக்கு அகலமான சைக்கிள் சீட்டும் அவளுக்குக் குறுகலானதும் வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். அந்தக் கடைப் பையனும் அப்படிப் பார்த்துத்தான் எனக்குப் பெரிய சீட் என்றான். ஆனால் சைக்கிள் சீட்டுக்கு வேண்டியது சதையின் அளவு இல்லை. உள்ளே இருக்கிற இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவில் உள்ள தூரம்தான் அளவு. சராசரியாகப் பார்த்தால் பெண்களுக்கு இந்தத் தூரம் ஆண்களைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் இருக்கிற வித்தியாசம் அதைவிடப் பெரிது. 100 மில்லிமீட்டர் உள்ளவர்களும் உண்டு, 150ஐத் தாண்டுகிறவர்களும் உண்டு. ஆளைப் பார்த்தோ உடையின் அளவை வைத்தோ சொல்ல முடியாது.

அளப்பது சுலபம். மளிகைக் கடையில் பிஸ்கட் வரும் அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கிப் பிரித்தேன். உள்ளே அலை அலையாக இருக்கிற அட்டை வேண்டும், மெல்லிய அட்டை உதவாது. கடையை மூடிய பிறகு, குஷன் இல்லாத முக்காலியில் அதைப் போட்டு, மெல்லிய கால்சட்டையோடு மகள் உட்கார்ந்தாள். பாதத்தின் கீழே இரண்டு துணிக் கட்டுகளை வைத்து முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி, சைக்கிள் ஓட்டுகிற மாதிரி முன்னால் சாயச் சொன்னேன். முக்காலியின் விளிம்பைக் கையால் பிடித்து உடம்பைக் கீழே இழுத்து, ஒரு நிமிடம் அசையாமல் இருந்தாள். எழுந்தபோது அட்டையில் ஒன்றும் தெரியவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். அப்புறம் நீல நிறத் தையல் சாக்பீஸைப் பக்கவாட்டில் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தேன். மேடான இடமெல்லாம் நீலமாக, இரண்டு பள்ளங்கள் மட்டும் வெளிறி, பழைய ஐம்பது காசு அளவில் எழுந்து வந்தன. ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை நாடாவை வைத்தேன். 131 மில்லிமீட்டர். அடுத்து நான் உட்கார்ந்தேன். 116. நம்ப முடியாமல் இன்னொரு அட்டையில் மறுபடி உட்கார்ந்தேன். 117.

36 அங்குலக்காரிக்கு அகல எலும்பு, 43 அங்குலக்காரிக்குக் குறுகல். இத்தனை வருடமாகப் பெண்களின் உடம்பை அளந்தே சாப்பிடுகிற எனக்கு இது தெரியவில்லை. அந்த அட்டைகள் இரண்டையும் இன்னமும் வைத்திருக்கிறேன்.

கிடைத்த எண்ணை அப்படியே கடையில் சொல்லக் கூடாது. ரவிக்கைக்கு உடம்பு அளவோடு தையலுக்குக் கொஞ்சம் விட்டு வெட்டுவதுபோல, இதற்கும் கூட்ட வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு எலும்பு இடைவெளியோடு ஏறத்தாழ 30 மில்லிமீட்டர், கொஞ்சம் குனிந்து ஓட்டுகிறவர்களுக்கு 20 போதும். காரணம், குனியும்போது இடுப்பு முன்னால் உருளும். அந்த எலும்பு முன்பக்கம் போகப் போகக் குறுகுவதால், பாரம் குறுகலான பகுதிக்கு மாறும். அதே நேரத்தில் முன்னால் இருக்கும் மென்மையான இடத்திலும் அழுத்தம் கூடும். அதனால்தான் குனிந்து ஓட்டுகிறவர்களுக்கு நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட் உதவுகிறது. திறப்பு எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். அதன் விளிம்பே சிலருக்கு வெட்டுகிற மாதிரி படும். அப்படிப்பட்டவர்களுக்கு ஆழமில்லாத அகலமான பள்ளம் மேல். இதை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சீட்டின் அகலம் பெட்டியிலோ சீட்டின் அடியிலோ மில்லிமீட்டரில் எழுதியிருக்கும். 143, 155, 168 என்று ஒரே மாதிரியில் இரண்டு மூன்று அகலம் போடுகிற நிறுவனங்கள் உண்டு. பெண்களுக்கு என்று அட்டையில் எழுதியிருக்கிறதா, பூப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதைவிட இந்த எண்ணைப் பாருங்கள். எங்கள் வீட்டுச் சைக்கிளோடு வந்த சீட் 128 மில்லிமீட்டர். என் எலும்புக்கே அது ஓரத்தில் நின்றது, மகளுக்குக் கேட்கவே வேண்டாம். பழுது பார்க்கிற அம்மா இரண்டு பழைய சீட்டுகளை வாரம் ஒன்றாகக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். முதலாவது ஸ்பிரிங் வைத்து 220 மில்லிமீட்டர் அகலம். அரை மணி நேரத்தில் தொடை உரசிச் சிவந்துவிட்டது. மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் தொடை சீட்டில் இடித்து என்னை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. இரண்டாவது 150 மில்லிமீட்டர், கையால் அமுக்கினால் லேசாக மட்டும் இறங்குகிற கெட்டியான நுரை, நடுவில் ஒரு பள்ளம், முன்னால் நீளும் மூக்கு குட்டை. உட்கார்ந்தவுடனே சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் ஈஸ்ட் கோஸ்ட் போய்த் திரும்பி வந்தபோதுதான் கவனித்தேன், வழி நெடுக சீட் என்று ஒன்று இருப்பதையே மறந்திருக்கிறேன். அதே மாதிரியில் புதிது 68 வெள்ளி. வாங்கிவிட்டேன். மகளுக்கு 155.

சீட்டை மாற்றினால் மட்டும் போதாது. நான் 152 சென்டிமீட்டர் உயரம். நிறுத்தும்போது இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்திருந்தேன். பயம்தான் காரணம். அப்படி வைத்தால் கால்கள் உடம்பைத் தாங்காது, முழுப் பாரமும் சீட்டின்மேலேயே விழும். பெடலைக் கீழே கொண்டுபோய் அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் வைத்து, மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் அளவு. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிக்கொண்டால் பயம் போய்விடும். எனக்கு இரண்டு செவ்வாய்க்கிழமை ஆயிற்று. அதற்காக மிக உயரமாகவும் வைக்கக் கூடாது. இடுப்பு இடதும் வலதுமாக ஆடி, உரசல் வரும்.

சாய்வு என்பது விரல் அளவு விஷயம், ஆனால் வலியில் பெரும்பங்கு அதற்குத்தான். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் முன்னால் குத்தும். முதலில் மட்டமாக வைத்து ஓட்டிப் பாருங்கள். அழுத்தினால் மூக்கை ஒன்று இரண்டு பாகை கீழே இறக்குங்கள். அதற்குமேல் இறக்கினால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் உள்ளங்கைக்குப் போய்க் கை மரத்துவிடும். சீட்டின் அடியில் இருக்கும் போல்ட்டைத் தளர்த்த ஆறு பக்கம் உள்ள ஒரு ஆலன் சாவி போதும், பழகிவிட்டால் இரண்டு நிமிட வேலை. இதை வீட்டு ஆண்கள் வரும்வரை வைத்திருக்க வேண்டாம். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தாலும் நாம் நம்மை அறியாமல் சீட்டின் மூக்குக்கு நகர்ந்துவிடுவோம். அப்போது எந்தச் சீட்டும் வலிக்கும்.

உச்சத்தில் இருக்கிற வீராங்கனைகளும் இதே இடத்தில்தான் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். பந்தயங்களில் சீட்டைக் கிட்டத்தட்ட மட்டமாகத்தான் வைக்க வேண்டும் என்று விதி இருந்தது. அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் 2016ஆம் ஆண்டில் அதைத் தளர்த்தி, 9 பாகை வரை சாய்க்கலாம் என்று மாற்றியது. மகள் இதைப் படித்துக் காட்டியபோது எனக்குப் பெரிய ஆறுதல். நம் வலி கற்பனை இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜீனா டெர்ரி என்ற இயந்திரப் பொறியாளர், பெண்கள் உடம்புக்கு ஏற்ற சைக்கிள் செய்வதற்கென்றே 1985இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். பின்னால் பெண்களுக்கான சீட்டுகளும் அவர் பெயரில் வந்தன. அதற்குமுன் நூறு வருடமாகப் பெண்கள் சைக்கிள் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், பெரும்பாலும் வேறு உடம்புக்குச் செய்த வண்டியில்.

என் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். கறுப்பு ராலே சைக்கிள், கீழே ஸ்பிரிங் வைத்த தோல் சீட். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தத் தோலுக்கு எண்ணெய் தடவித் துணியால் தேய்ப்பார். வருடக்கணக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து, அவர் எலும்பு பதிந்த இரண்டு குழிகள் அதில் பளபளவென்று தெரியும். அட்டையில் மகளின் பள்ளங்களைப் பார்த்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் குழிகள்தான். அம்மா அந்தச் சீட்டில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கேரியரில் ஒருபக்கமாக, என்னை மடியில் வைத்துக்கொண்டு. அம்மாவின் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அங்கே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். என் சின்னம்மா மகளும் ஒருத்தி. முன் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் ஆண்கள் சைக்கிளையே அங்கே பலர் விரும்பினார்களாம். சீட் எப்படி இருந்தது என்று அவளிடம் தொலைபேசியில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "துண்டை நாலா மடிச்சுக் கட்டிக்குவோம்டி, யாருகிட்ட சொல்றது" என்றாள்.

உடையைப் பற்றி நான் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு மரியாதை இல்லை. சாதாரணக் கால்சட்டையிலும் லெக்கிங்சிலும் நான்கு தையல்கள் வந்து சேருகிற ஒரு புள்ளி உண்டு. கவட்டின் நடு. சைக்கிளில் பாரம் விழுகிற இடமும் அதே இடம். தடித்த ஜீன்ஸ் என்றால் அந்தப் புள்ளியில் துணி ஏழெட்டு மடிப்பாக இருக்கும். சின்னக் கூழாங்கல்லின்மேல் உட்கார்ந்த மாதிரி. உள்ளாடையின் எலாஸ்டிக் ஓரமும் இப்படித்தான். நம் ஊர் வெக்கையில் வியர்வையும் சேர்ந்தால் தோல் அரை மணி நேரத்தில் உரிந்துவிடும். கவட்டில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்த உடையாகப் பாருங்கள், தையல்கள் அந்தப் புள்ளியைவிட்டு விலகிப் போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதானால் அடியில் பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை நல்லது. அதற்குள்ளே உள்ளாடை போடக் கூடாது, அது தெரியாமல் போட்டுக்கொண்டு வலிக்கிறது என்பவர்கள் நிறைய. வெளியே தெரிகிறது என்று கூச்சமாக இருந்தால் மேலே நீளமான குர்த்தா போட்டுக்கொள்ளலாம், நான் அப்படித்தான் போகிறேன். துப்பட்டா மட்டும் வேண்டவே வேண்டாம். சக்கரத்தில் சுற்றினால் கழுத்துக்கு ஆபத்து. வீட்டுக்கு வந்தவுடன் உடையை மாற்றிக் குளித்துவிடுங்கள், ஈரத்தோடு சமையலறைக்குள் போகாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெடலில் எழுந்து நின்று நாலு மிதி மிதித்தால் ரத்தம் ஓடும்.

இவ்வளவும் செய்த பிறகும் மரப்பு மறுநாள் வரை நீடித்தாலோ, வீக்கம் இறங்காவிட்டாலோ, சிறுநீரில் எரிச்சல் இருந்தாலோ, என்னைப் போல் மூன்று வாரம் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை. சைக்கிள் ஓட்டுகிறேன், சீட்டில் இந்த இடத்தில் அழுத்துகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவர்களுக்கும் புரியும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நாளிதழ் மூலம் சிலரிடம் கேட்க வேண்டியது உண்டு. சைக்கிள் கடைக்காரர்களே, அளக்க ஒரு நுரைப் பலகையும், ஓட்டிப் பார்க்க நாலைந்து அகலத்தில் பழைய சீட்டுகளும் வைத்திருங்கள். சில கடைகளில் இருக்கிறது, எல்லாக் கடையிலும் வேண்டும். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துப் பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ளவும் விடுங்கள். பொருந்தாத ரவிக்கையை நாங்கள் பிரித்துத் தைத்துத்தானே கொடுக்கிறோம். கடையில் ஒரு பெண் வேலைக்கு இருந்தால், பெண்கள் வரும்போது அவரை முன்னால் அனுப்புங்கள். ஈஸ்ட் கோஸ்டிலும் உபின் தீவிலும் வாடகைக்குச் சைக்கிள் கொடுப்பவர்கள், சீட்டின் உயரத்தை ஏற்றி இறக்கிப் பூட்டுவது எப்படி என்று பெண்களுக்கும் காட்டிக் கொடுங்கள். கூட வந்த ஆணிடம் மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள். சமூக மன்றங்களில் பெண்களுக்குச் சைக்கிள் பழக்குகிறவர்கள், முதல் வகுப்பில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். ஒரு அட்டை, ஒரு முக்காலி, ஒரு சாக்பீஸ், வேறு செலவு கிடையாது.

உங்கள் மகளிர் பக்கத்தில் மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதை விரிவாக எழுத வைத்தால் நன்றாக இருக்கும். அந்த இடத்தின் பெயரை நல்ல தமிழில் கூச்சமில்லாமல் அச்சடியுங்கள். என்னால் இந்தக் கடிதத்தில் முடிந்தது 'அந்த இடம்' என்று எழுதுவதுதான்.

சைக்கிளை 40 வெள்ளிக்கு விற்ற பெண் அடுத்த வாரம் ரவிக்கை வாங்க வருகிறாள். இந்தத் தடவை ரவிக்கையோடு எலும்பு அளவையும் எடுத்துக் கொடுக்கப் போகிறேன். மகளின் பழைய சீட் ஒன்று வீட்டில் சும்மா இருக்கிறது, அதையும் எடுத்து வைத்திருக்கிறேன். அளவு எடுக்கும் திரைக்குப் பின்னால் முக்காலியும் ஒரு கட்டு அட்டையும் எப்போதும் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
தையல்கடைக்காரி,
தெம்பனிஸ்